மூளைக்காய்ச்சல் என்று சொல்லி நிறுத்தாதீர்கள், எதனால் என்று கேளுங்கள்

இது நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே குரல் பதிவு மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. பேசுபவர் யார், எந்த ஊர், யாருக்கும் தெரியாது. அவர் சொல்வது மூன்று விஷயம். ஒன்று, மூளைக்காய்ச்சல் வந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு, ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பார்கள், விடவே விடாதீர்கள், கால் விளங்காமல் போய்விடும். மூன்று, காய்ச்சல் வந்த அன்றைக்கே மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிட்டால் மூளைக்கு ஏறாது.

கீழே பார்த்தால் வரிசையாகக் கும்பிடு. "பயனுள்ள தகவல், நன்றி" என்று போட்டவர்களில் இன்ஜினியர் இருக்கிறான், பேங்க் மேனேஜர் இருக்கிறாள், என்னிடம் ஏழாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவனும் இருக்கிறான். ஒருவர்கூட "எந்தக் கிருமியால் வருகிற மூளைக்காய்ச்சல்?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராததுதான் என் கோபம்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு, முப்பத்து நான்கு வருடம் சாக்பீஸ் பிடித்தவன். ஆனால் பாடப் புத்தகத்தில் இருப்பதையும், மருத்துவர்கள் பொதுவில் எழுதுவதையும் நிதானமாக உட்கார்ந்து படிக்கிற வயதும் நேரமும் எனக்கு இருக்கிறது. அதனால் பழையபடி கரும்பலகைப் பக்கம் திரும்புகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பிரிப்போம். நம் மூளையை மூன்று உறைகள் சுற்றியிருக்கின்றன. வெளியே தடித்த உறை, நடுவில் சிலந்தி வலை போன்ற மெல்லிய உறை, உள்ளே மூளையோடு ஒட்டிய உறை. நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு நீர் ஓடுகிறது. அதுவே முதுகுத் தண்டைச் சுற்றியும் இடுப்புவரை இறங்குகிறது. இந்த உறைகளில் அழற்சி வந்தால் மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறை அழற்சி. மூளையின் சதையிலேயே அழற்சி வந்தால் அது என்செபலைட்டிஸ். இரண்டும் சேர்ந்தும் வரலாம். நாம் என்ன செய்கிறோம்? இரண்டையும், இவை இரண்டும் அல்லாத சிலவற்றையும் சேர்த்து "மூளைக்காய்ச்சல்" என்ற ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

அழற்சி என்பது ஒரு நிலை. அது காரணத்தின் பெயர் இல்லை. வீட்டில் புகை வருகிறது என்றால் அடுப்பா, ஒயர் எரிகிறதா, பக்கத்துக் காட்டில் சருகு கொளுத்துகிறார்களா என்று பார்ப்பீர்களா, இல்லை எல்லாவற்றுக்கும் ஒரே குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்களா? ஒயர் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, காரணங்களை வரிசையாக எழுதுகிறேன். முதலில் கிருமிகளால் வருபவை.

பாக்டீரியா. இதுதான் வேகமாகக் கொல்வது. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் என்கிற ஹீமோஃபிலஸ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. பச்சிளம் குழந்தைக்கு வேறு சில பாக்டீரியாக்களால் வரும். காலையில் விளையாடிய பிள்ளை மறுநாள் காலை இல்லாமல் போகலாம். பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் இறக்கிறார், 5 பேரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு தங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இங்கே மணி நேரம் முக்கியம்.

காசநோய்க் கிருமி. இதுவும் பாக்டீரியாதான், ஆனால் இது திருடன் மாதிரி வரும். இரண்டு மூன்று வாரம் லேசான காய்ச்சல், தலைவலி, சாப்பாடு பிடிக்காமை, எரிச்சல், வாந்தி. "பித்தம்" என்பார்கள், "கண்ணு பட்டிருச்சு" என்பார்கள். அதற்குள் உறைகளைப் பிடித்துக்கொள்ளும்.

வைரஸ். எண்ணிக்கையில் அதிகம் இதுதான். குடலில் வாழும் என்டரோ வைரஸ், பொன்னுக்கு வீங்கி என்கிற அம்மைக்கட்டு வைரஸ், ஹெர்பெஸ் வைரஸ் என்று பல. வைரஸ் உறையோடு நின்றால் பெரும்பாலும் ஓய்விலேயே ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். ஆன்டிபயாட்டிக் இதற்கு ஒன்றுமே செய்யாது. ஆனால் ஹெர்பெஸ் வைரஸ் மூளைக்குள் இறங்கிவிட்டால் அதற்கென்று தனி மருந்து உடனே வேண்டும். கொசு மூலம் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் மூளையைத் தாக்குவதுதான். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூரில். நெல் வயல் நீரில் வளரும் கொசு, பன்றி, கொக்கு, நாரை என்று சுற்றும் வைரஸ் அது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது.

ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல். புதரிலும் வரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியின் கடி. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் புண் இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள். கவனிக்காமல் விட்டால் மூளை உறைவரை போகும். வழக்கமாக மெனிஞ்சைட்டிஸுக்குப் போடும் ஊசி மருந்து இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கேட்கும். விலை மலிவு. ஆனால் சந்தேகப்பட்டால்தான் கொடுப்பார்கள்.

பூஞ்சை. புறா எச்சம் கலந்த மண்ணில் இருக்கும் கிரிப்டோகாக்கஸ், பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பிடிக்கும். 2012இல் அமெரிக்காவில், ஒரு மருந்துக் கூடத்தில் தயாரான முதுகுவலி ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து, 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய் வந்தது, 64 பேர் இறந்தார்கள். மூட்டில் மட்டும் நோய் வந்தவர்கள் சிலர், மீதிப் பேரில் பெரும்பாலானோருக்கு வந்தது மெனிஞ்சைட்டிஸும் முதுகுத் தண்டைச் சுற்றிய தொற்றும்தான். யாரும் யாரையும் தொட்டதால் வந்ததில்லை அது.

அமீபா, புழு. கேரளத்தில் 2024லும் 2025லும் நீங்கள் செய்தியில் பார்த்த "மூளையைத் தின்னும் அமீபா" குளத்து நீர் மூக்கு வழியாக ஏறுவதால் வருவது. அந்த நீரைக் குடிப்பதால் நெக்ளேரியா அமீபா வராது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் வராது. புழுவுக்கு ஒரு உதாரணம், உடும்பு. பச்சை ரத்தம் குடித்தால் பலம் என்று இன்னும் நம்புகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் நத்தை வழியாக உடும்புக்குப் போகும், சமைக்காமல் உட்கொண்டால் மனிதனின் மூளை உறைக்கு வரும். உடும்பைப் பிடிப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது வேறு கதை.

இனி, கிருமியே இல்லாமல் வருபவை. குரல் பதிவுக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லூபஸ் போன்ற நோய்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் உறைகளைத் தாக்கும். புற்றுநோய்ச் செல்கள், முக்கியமாக ரத்தப் புற்றுநோயின் செல்கள், உறைகளில் போய்ப் படியும். சில மருந்துகளே உறையில் அழற்சியை உண்டாக்கும். ஐபூபுரூஃபன் போன்ற வலி மாத்திரை, சல்ஃபா சேர்ந்த கோட்ரைமாக்சசோல், வலிப்புக்குக் கொடுக்கும் லாமோட்ரிஜின் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. பயந்து எல்லா மாத்திரையையும் குப்பையில் போடாதீர்கள். இது அபூர்வம். மருந்தை நிறுத்தினால் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் டாக்டர் "என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்கும்போது, மெடிக்கலில் வாங்கியதை மறைக்காமல் சொன்னால்தான் அவர் கண்டுபிடிக்க முடியும். தலையில் அடிபட்டாலும், மூளை ஆபரேஷனுக்குப் பிறகும், மூளை உறைக்குள் ரத்தக் குழாய் வெடித்தாலும் கழுத்து இறுகும். காய்ச்சலே இல்லாமல், இடி விழுந்த மாதிரி திடீரென்று வாழ்நாளில் வராத தலைவலி வந்து கழுத்து இறுகினால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம். அங்கே ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை கிடையாது. நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எண்ணிப் பாருங்கள், எத்தனை காரணம் சொன்னேன்? அத்தனைக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு ஊசி மருந்து ஒரு வாரம் இரண்டு வாரம். ஒன்றுக்கு மாத்திரை ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்வரை. ஒன்றுக்கு ஓய்வு. ஒன்றுக்கு மருந்தை நிறுத்துவதே மருந்து. இதில் எது என்று தெரியாமல் "மூளைக்காய்ச்சலாம்" என்று சொல்லி உச்சுக்கொட்டுவதால் யாருக்கு என்ன லாபம்?

காரணம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி பீகாரில் முசாபர்பூர். அங்கே 1995இலிருந்து பல வருடங்கள், மே, ஜூன் மாதங்களில் ஏழைக் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து செத்தார்கள். "சம்கி புகார்", மூளைக்காய்ச்சல் என்றார்கள். வைரஸைத் தேடினார்கள், வெயிலைச் சொன்னார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றி ஓய்வு பெற்ற வைராலஜிஸ்ட் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள், இது கிருமியே இல்லை, நச்சாக இருக்க வேண்டும் என்று 2014இல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வும் அதையே உறுதி செய்தது. அங்கே லிச்சிப் பழத் தோப்புகள் அதிகம். பழத்தில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள், உடல் தானே சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. போஷாக்கில்லாத பிள்ளை, பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு ராத்திரிச் சோறு இல்லாமல் படுத்தால், விடியற்காலையில் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கி வலிப்பு வரும். உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. ராத்திரி ஒரு பிடி சோறு போட்டால் வராமலேயே தடுக்கலாம்.

சரியாகச் சொன்னால் அது மெனிஞ்சைட்டிஸ் இல்லை. ஆனால் "மூளைக்காய்ச்சல்" என்ற அதே கோணிக்குள் போட்டுக் கட்டியதால்தான் அத்தனை வருடம் காரணம் தெரியவில்லை. காரணம் தெரிந்த பிறகும், 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தார்கள். பெயரை வைத்து நோயைப் புரிந்துகொண்டதாக நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

சரி, காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்த முதுகு ஊசி வருகிறது.

அந்த நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால், உள்ளே யார் வந்திருக்கிறார் என்று தெரியும். நீர் கலங்கி, வெள்ளணுக்கள் குவிந்து, சர்க்கரை குறைந்திருந்தால் பாக்டீரியா. தெளிந்து, சர்க்கரை சரியாக இருந்து, வேறு வகை வெள்ளணுக்கள் கூடியிருந்தால் பெரும்பாலும் வைரஸ். சர்க்கரை குறைந்து, புரதம் ஏறி, நீரை வைத்தால் சிலந்தி வலை போல ஆடை படிந்தால் காசநோயைச் சந்தேகிப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையைப் பார்க்கக் கருப்பு மையைக் கலந்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். இயோசினோஃபில் என்ற அணுக்கள் அதிகம் இருந்தால் புழு. புற்றுநோய்ச் செல், ரத்தக் கசிவு எல்லாமே அந்த நீரில் தெரியும். ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்கேன் வீக்கத்தைக் காட்டும், ரத்தத்தைக் காட்டும். எந்தக் கிருமி என்று பெயர் சொல்லாது.

இனி "கால் விளங்காமல் போகும்" என்ற கதை. ஏழாம் வகுப்புப் படத்தை நினைவுபடுத்துங்கள். பெரியவர்களுக்கு முதுகுத் தண்டுவடம் கடைசி விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடுகிறது. குழந்தைகளுக்குச் சற்றுக் கீழே. ஊசி குத்துவது அதற்கும் கீழே, இடுப்பில். அங்கே தண்டுவடமே கிடையாது. குதிரை வால் முடி போல நரம்பு இழைகள் நீரில் மிதக்கின்றன. ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். எடுப்பது சில மில்லி. பெரியவர் உடலில் அந்த நீர் சுமார் 150 மில்லி, ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. எடுத்தது சீக்கிரமே ஊறிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி, இடுப்பு வலி இருக்கும். கால் போவது மிக மிக அபூர்வம். தலைக்குள் அழுத்தம் அதிகம், ரத்தம் உறையாத கோளாறு என்று குத்தக் கூடாத நிலைமைகள் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? நம் குடும்பக் குழுவில் சிசேரியன் ஆன பெண்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மரத்துப்போக ஊசி எங்கே போட்டார்கள்? அதே இடுப்பில், அதே இடத்தில், அதே நீருக்குள்தான். அது சிசேரியன் என்றால் கையெழுத்துப் போடுவோம், பிள்ளையின் உயிரைக் காப்பாற்றப் பரிசோதனை என்றால் மாட்டோமா? ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இதே வழியில் திரும்பத் திரும்ப மருந்தே செலுத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நடந்துதான் வீட்டுக்குப் போகின்றன.

உண்மையில் காலையும் கையையும் பறிப்பது ஊசி இல்லை, தாமதம். என்னிடம் படித்த ஒருவனின் மகளைப் பற்றி, அவன் அனுமதியோடு எழுதுகிறேன். எட்டு வயது. பதினைந்து நாள் காய்ச்சல், தலைவலி, வாந்தி. பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார்கள், பிறகு மந்திரித்தார்கள். ஒரு நாள் பார்வை மாறுகண்ணாகி, கூப்பிட்டால் விழிக்காமல் போனபோதுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் முதுகு நீர் எடுக்க வேண்டும் என்றார். அப்பாவும் அம்மாவும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் நான்கு பேர் வந்து தடுத்தார்கள். "பொட்டப் புள்ள, நாளைக்கு நடக்க முடியலைன்னா யாரு கட்டிக்குவா?" இதுதான் அவர்கள் சொன்ன காரணம். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஆஸ்பத்திரி, அங்கிருந்து இன்னொன்று. நான்கு நாள் கழித்து அதே பரிசோதனை நடந்தது. காசநோய். தலைக்குள் நீர் கோத்துக் குழாய் வைத்தார்கள். ஒரு வருடம் மாத்திரை. இன்றைக்கு அந்தப் பெண் இருக்கிறாள், நடக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். வலது கை எழுத வராது. இடது கையால் எழுதப் பழகியிருக்கிறாள்.

நான்கு நாள் முன்னால் செய்திருந்தால் கை தப்பியிருக்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் காசநோய் மூளை உறையில் இருக்கும்போது, மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு மிஞ்சும் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. தடுத்த அந்த நான்கு பேரில் ஒருவர்கூட அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை.

அடுத்து, மெடிக்கல் ஆன்டிபயாட்டிக். "மூளைக்கு ஏறாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ! அரைகுறையாகப் போடும் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லாது, ஆனால் மறைத்துவிடும். காய்ச்சல் கொஞ்சம் இறங்கும், வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே நோய் நடந்துகொண்டிருக்கும். பிறகு நீர் எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி வளராது. பாதி மாத்திரை பட்ட பாக்டீரியாவா, காசநோயா, வைரஸா என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இதே காரணத்தைச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாட்டிக் போடுவதைத் தடுக்காதீர்கள். அங்கே நிலைமை மோசமாக இருந்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் ஊசி மருந்தைத் தொடங்குவார்கள். அது சரியானது. நான் சொல்வது வீட்டு வைத்தியத்தையும் கடை வைத்தியத்தையும்.

இப்போது "தொட்டால் ஒட்டிக்கொள்ளும்". மேலே எழுதிய பட்டியலைத் திரும்பப் பாருங்கள். புற்றுநோய் ஒட்டுமா? மாத்திரையால் வந்தது ஒட்டுமா? கொசுவால், உண்ணியால், குளத்து அமீபாவால் வந்தது ஒட்டுமா? மூளை உறையில் இருக்கும் காசநோய் அங்கிருந்து ஒட்டாது. நுரையீரலிலும் இருந்து இருமினால்தான் பரவும். நெருங்கிப் பழகுபவர்களுக்கு உண்மையாகவே ஆபத்தானது மெனிஞ்சோகாக்கஸ். இருமல், எச்சில், ஒரே அறையில் படுத்துறங்குவது போன்றவற்றால் பரவும். அதற்கும் வழி இருக்கிறது. கூட இருந்தவர்களுக்கு டாக்டரே தடுப்பு மருந்து கொடுப்பார். வைரஸ் வகையில் சில கை வழியாகப் பரவும். சோப்பு போட்டுக் கை கழுவினால் பெருமளவு போதும். ஆக, ஒதுங்க வேண்டுமா வேண்டாமா என்பதற்கும் அதே கேள்விதான். எதனால் வந்தது?

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், நான் சேர்வதற்கு முன் நடந்தது. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்துத் திரும்பிய பையனைத் தனி பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி மற்ற பெற்றோர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்ச் கொடுத்தார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொல்வதெழுதுதலில் பூஜ்ஜியம். "காய்ச்சல்ல மூளை மந்தமாயிடுச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் போன வருடம் பள்ளிக்கு வந்த காது பரிசோதனை முகாமில்தான் தெரிந்தது, அவனுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. மூளை நன்றாகத்தான் இருந்தது. பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் காதைப் பறிப்பது சகஜம். குணமானவுடன் கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். தாமதித்தால் உள்காதில் எலும்பு வளர்ந்து, காக்ளியர் கருவி வைப்பதும் கடினமாகிவிடும். நம் பாடப் புத்தகத்தில் ஹெலன் கெல்லரைப் படித்தீர்களே, 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் பார்வையும் கேட்கும் திறனும் போயின. அது மெனிஞ்சைட்டிஸாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். ஹெலன் கெல்லருக்குக் கைதட்டிவிட்டு, நம் வகுப்புப் பையனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது என்ன நியாயம்? இதைப் படிக்கும் ஆசிரியர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தடுப்பூசி வேண்டாம் என்று பேசுகிற உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., குழந்தைகளுக்குக் காசநோய் மெனிஞ்சைட்டிஸ் வராமல் காக்கிறது. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளமும். நிமோகாக்கஸ் ஊசி 2021இலிருந்து இங்கே இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். தனியாரில் ஆயிரக்கணக்கில் வாங்குவதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா போடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை "மெனிஞ்சைட்டிஸ் வளையம்" என்றே ஒரு பகுதி உண்டு. 1996-97இல் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு வந்து, 25,000 பேர் இறந்தார்கள். 2010இல் புர்கினா ஃபாசோவில் தொடங்கிக் கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். அந்தக் கொள்ளைநோய்க்குக் காரணமான 'ஏ' வகை மெனிஞ்சோகாக்கஸ் அங்கிருந்து ஏறக்குறைய மறைந்தேபோனது. அந்த ஊசியைத் தயாரித்தது நம் புனே நகரத்துக் கம்பெனி. அப்போது ஒரு ஊசியின் விலை அரை டாலருக்கும் குறைவாக இருந்தது. ஹஜ், உம்ரா போகிற என் மாணவர்களுக்குத் தெரியும், மெனிஞ்சோகாக்கஸ் ஊசி போடாமல் சவூதி விடுவதில்லை. எல்லா மூளைக்காய்ச்சலுக்கும் ஒரே ஊசி கிடையாது. ஏனென்றால் காரணம் ஒன்று இல்லை.

டாக்டர்களை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நடுராத்திரியில், அழுதுகொண்டிருக்கிற தாயின் கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து "சைன் பண்ணுங்க, இல்லன்னா கூட்டிட்டுப் போங்க" என்று சொல்வது விளக்கம் ஆகாது. ஏன் எடுக்கிறோம், எங்கே குத்துகிறோம், எடுக்காவிட்டால் என்ன என்று மூன்று நிமிடம் தமிழில் சொன்னால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். என்னிடம் படித்து டாக்டர், நர்ஸ் ஆனவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் சொல்லாத இடத்தில்தான் அந்தக் குரல் பதிவு வந்து உட்காருகிறது.

கடைசியாக, எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை.

காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்தைக் குனிய முடியாமை, வெளிச்சம் கூசுதல், உளறல், அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு. இதில் சில சேர்ந்து வந்தாலே கிளம்புங்கள், எல்லாம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து இறுகாமலும் இருக்கலாம். பால் குடிக்காமை, துவண்டு போதல், கீச்சென்ற அழுகை, உச்சிக்குழி புடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். வயதானவர்களுக்கு வெறும் குழப்பமாக மட்டும் தெரியலாம். கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தோலில் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மாநிறத் தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறத்தில் பாருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பதை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

காதில் சீழ் வடிவதை "தானா நிக்கும்" என்று விடாதீர்கள். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலச் சொட்டினால் அது சளி இல்லாமல் இருக்கலாம், காட்டுங்கள். இரண்டுமே கிருமி மூளை உறைக்குப் போகிற வாசல்.

ஆஸ்பத்திரியில் நான்கு கேள்வி கேளுங்கள். எதனால் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதுகு நீர் எடுத்தீர்களா, இல்லையென்றால் ஏன்? கூட இருந்தவர்கள் ஏதாவது மருந்து எடுக்க வேண்டுமா? காது பரிசோதனை எப்போது?

அந்தக் குரல் பதிவை அனுப்பியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். குழுவில் பெயர் தெரிகிறதே! திட்டப் போவதில்லை. ஆனால் அதை எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும் இதையும் அனுப்பி வையுங்கள். அதில் ஒரு வீட்டில் இன்றைக்கு ராத்திரி ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் நம் டாக்டர் மாணவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பதில் எழுத வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்